நாலு தெருவுக்கு ஒரு பேப்பர்

சென்னை மந்தைவெளியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் வார இறுதியானால் கேட்டுக்கு அடியில் ஒரு பேப்பர் கிடக்கும். மாசக் கடைசியில் காசு கேட்டு யாரும் வந்ததில்லை. ஏதோ துணிக்கடை நோட்டீஸ் என்று நினைத்து முதல் இரண்டு வாரம் அதைச் செருப்பு ஸ்டாண்டில் விரித்துப் போட்டேன். மூன்றாவது வாரம் செருப்பை எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது, நான் தினம் நடக்கிற தெருவில் தோண்டிப்போட்டு மூடாமல் விட்டிருந்த பள்ளத்தின் படம். உலகத்திலேயே அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பேப்பர் 'மயிலாப்பூர் டைம்ஸ்'. 1994-ல் வின்சென்ட் டிசோசா என்ற பத்திரிகையாளர் தொடங்கியது. ஆங்கில வார இதழ், இலவசம். மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், சாந்தோம் என்று சுற்றுவட்டாரத்துக்கு மட்டும். அதே காலத்தில் அடையாறுக்கு 'அடையாறு டைம்ஸ்', மேற்கு மாம்பலம், தி.நகர் பக்கம் 'மாம்பலம் டைம்ஸ்', அண்ணாநகருக்கு 'அண்ணாநகர் டைம்ஸ்' என்று ஆளுக்கொரு பேட்டையைப் பிடித்துக்கொண்டு பல வார இதழ்கள் வந்தன. முத்தையா 1991-ல் தொடங்கிய 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' வேறு ஜாதி. அது மாதம் இருமுறை, நகரத்தின் பழமையைப் பேசுவது. நான் சொல்லவருவது பழமை பற்றி அல்ல, பள்ளம் பற்றி.

அப்போதிருந்து மனசில் ஒரு கேள்வி. எங்க ஊர் ராதாபுரத்துக்கு ஏன் இப்படி ஒன்று வரவில்லை? போன வருஷம் சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு பழைய நோட்டு கிடைத்த பிறகு அந்தக் கேள்வி கொஞ்சம் சொந்தக் கேள்வியாகவே ஆகிவிட்டது. அந்த நோட்டுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த இலவசப் பேப்பர் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்ப்போம். "ஓசிப் பேப்பர்" என்று நாம் சொல்கிறோம். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்குகிற நாளிதழும் முக்கால்வாசி ஓசிதான். நாம் கொடுக்கிற விலை காகிதத்துக்கே கட்டாது. மீதியை விளம்பரதாரர்தான் கொடுக்கிறார். இலவச இதழ் அந்தப் பாசாங்கைக் கைவிட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் யார் விளம்பரம் கொடுப்பது? கார் கம்பெனியும் தங்க நகைக்கடையும் நாளிதழுக்குப் போய்விடும். பேட்டைப் பேப்பருக்கு வருவது நாளிதழ் வாசலை மிதிக்கவே முடியாத ஆட்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு ட்யூஷன், பரதநாட்டிய வகுப்பு, "முதல் மாடி, வெஜிடேரியன் மட்டும்" வீடு வாடகை, வீட்டோடு இருந்து பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள், விசேஷத்துக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும் மாமி. இந்த மாமிக்குச் சென்னை முழுவதற்கும் போகிற பேப்பரில் விளம்பரம் செய்வது வீண் செலவு. ஆவடியில் இருக்கிறவர் அவரிடம் ரசம் வாங்க வரப்போவதில்லை. தேவை நாலு தெரு. நாலு தெருவுக்கு மட்டும் விலை போட்டு விற்க நாளிதழால் முடியாது, ஏனென்றால் அது அச்சாவதே ஊர் முழுவதற்கும் சேர்த்து. இந்த இடைவெளியில்தான் பேட்டைப் பேப்பர் பிழைக்கிறது. 'தி இந்து'வே பின்னாளில் 'டவுன்டவுன்' என்று பகுதிவாரியாக இணைப்பு போட்டது. சின்ன ஆளின் யோசனையைப் பெரிய ஆள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

விளம்பரம் மட்டும் இருந்தால் அது நோட்டீஸ்தான். செருப்பு ஸ்டாண்டுக்குத்தான் போகும். ஆள் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளத்தின் படம் வேண்டும், கோயில் குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று வேண்டும், பக்கத்துப் பிளாக் பையன் வாங்கின மெடல் வேண்டும். மயிலாப்பூர் டைம்ஸ் ஒரு படி மேலே போய் வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி வைத்து, அதை வருஷா வருஷம் திருவிழாவாகவே ஆக்கிவிட்டது. ஆகஸ்ட் 22 'மெட்ராஸ் டே' என்று இப்போது ஊரே கொண்டாடுவதும் 2004-ல் முத்தையா, சசி நாயர், டிசோசா மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான்.

அடுத்தது குடும்பம். இந்திய விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று படிவம் 4. 1956-ஆம் ஆண்டு செய்தித்தாள் பதிவு விதிகளின்படி, ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் ஒரு சின்னக் கட்டம் போட வேண்டியிருந்தது. வெளியிடும் இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள். யாரும் படிக்காத கட்டம். பெரிய நிறுவனமென்றால் கம்பெனிப் பெயராக நீளும். சின்னப் பத்திரிகை என்றால் எல்லா வரிசையிலும் ஒரே பெயர், இல்லாவிட்டால் கணவர் பெயர் ஒரு வரியில், மனைவி பெயர் அடுத்த வரியில். அதைப் பார்த்தாலே வரவு செலவு புரிந்துவிடும். அங்கே சம்பளம் கிடையாது. மளிகைக்கடையில் அண்ணாச்சி கல்லாவில் இருக்க, அக்கா பொட்டலம் கட்ட, பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் டெலிவரிக்குப் போவானே, அதே கணக்குதான்.

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போகவேண்டும். ஸ்டார்ம் லேக் என்று ஒரு ஊர். பத்தாயிரத்துச் சொச்சம் ஜனம், சுற்றிலும் சோளக்காடும் பன்றிப் பண்ணையும். அங்கே 1990-ல் ஜான் கல்லன் 'ஸ்டார்ம் லேக் டைம்ஸ்' என்று பேப்பர் ஆரம்பித்தார். தம்பி ஆர்ட் கல்லன் ஆசிரியர். ஆர்ட்டின் மனைவி டோலோரெஸ் படம் எடுத்துக் கட்டுரையும் எழுதுவார். மகன் டாம் நிருபர். விற்பனை சுமார் 3,000 பிரதி. 2017-ல் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு இந்தக் குடும்பத்துக்கு வந்தது.

எதற்கு வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். வயலில் போடும் உரத்தின் நைட்ரேட் ஆற்றில் கலக்கிறது என்று கீழே இருக்கிற டெ மாயின் நகரத்தின் குடிநீர் வாரியம், மேலே இருக்கிற மூன்று கவுண்டிகள் மேல் வழக்குப் போட்டது. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. வழக்கறிஞர் செலவு ஏகத்துக்கு ஏறுகிறது. ஆனால் கவுண்டி கஜானாவிலிருந்து காசு போன மாதிரி தெரியவில்லை. அப்போ யார் கொடுக்கிறார்கள்? கல்லன் குடும்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. விவசாயக் கம்பெனிகளும் சங்கங்களும் திரைமறைவில் கொடுக்கின்றன என்பது கடைசியில் வெளியே வந்தது. ஊரில் பாதிப் பேர் அந்தத் தொழிலில் பிழைக்கிறவர்கள், விளம்பரம் கொடுப்பவர்களும் அவர்களே. தண்ணீர் பற்றி எழுதினால் தன் கடைக்கே வாடிக்கை குறையும் என்று தெரிந்தே எழுதினார்கள்.

குடும்பமாக இருப்பதன் ஆபத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் 'மேரியன் கவுண்டி ரெக்கார்ட்' என்ற வார இதழ், மேயர் குடும்பத்துடையது. 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி அந்த ஊர்ப் போலீஸ் அலுவலகத்துக்குள் புகுந்து கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. அதோடு விடாமல் வீட்டுக்கும் போனது. இணை உரிமையாளர் ஜோன் மேயருக்கு அப்போது வயது 98. மறுநாள் இறந்துபோனார். சோதனைக்கு வாங்கிய வாரண்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சில நாளிலேயே அரசு வழக்கறிஞர் அதைத் திரும்பப் பெற்றார். போலீஸ் தலைவர் அக்டோபரில் பதவி விலகினார். பெரிய பத்திரிகை என்றால் அலுவலகத்தோடு போயிருக்கும். இங்கே அலுவலகமும் அம்மாவும் வேறு வேறு இல்லை.

"சரி, பேப்பர் போனால் என்ன இப்போ, போன் இருக்கே" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகை மூடிய கவுண்டிகளை 1996 முதல் 2015 வரை கவனித்து காவ், லீ, மர்ஃபி என்ற மூன்று நிதித்துறைப் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். பத்திரிகை மூடிய பிறகு அந்த உள்ளாட்சிகள் வாங்குகிற கடனுக்கு வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை ஏறியிருந்தது. கேட்க அற்பம். ஆனால் பள்ளிக்கூடமும் சாலையும் கட்ட கோடிக்கணக்கில் வாங்குகிற கடனில் இது பெரிய தொகை. கடன் கொடுப்பவனுக்குத் தெரிகிறது, இனிமேல் இங்கே யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று.

இப்போது ராதாபுரத்துக்கு வருவோம்.

செய்திக்குப் பஞ்சமான ஊர் அல்ல எங்கள் தாலுகா. கூடங்குளம் எங்கள் தாலுகாதான். 2011, 2012-ல் இடிந்தகரைக் கடற்கரையில் உலகத்து டிவி கேமராக்கள் எல்லாம் நின்றன. 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்தார். தள்ளுபடியான 203 தபால் ஓட்டுகள் பற்றி வழக்கு. அந்த ஓட்டுகளுக்குச் சான்றொப்பம் போட்டது பள்ளித் தலைமையாசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் விஷயம். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் ஐந்து வருஷமும் முடிந்து அடுத்த தேர்தலே வந்துவிட்டது. இதெல்லாம் எல்லாப் பேப்பரிலும் வந்தது, நன்றாகவே வந்தது.

வராதது எது என்றால், கால்வாய்.

ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் தாமிரபரணியிலிருந்து வருவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து கோதையாறு பாசனத்தில் தோவாளைக் கால்வாய் வழியாக நிலப்பாறைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்கம் திரும்புகிறது. இருக்கிறதில் கடைசிப் பங்காளி நாங்கள். 52 குளம், சுமார் 17 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி. வழக்கமான அரசாணைப்படி ஜூன் 16 முதல் அக்டோபர் 31 வரை 138 நாள், விநாடிக்கு 150 கன அடிக்கு மிகாமல். திறக்கிற அன்றைக்கு மலர் தூவுகிற படம் எல்லாப் பேப்பரிலும் வரும். அதோடு சரி. மீதி 137 நாளில் எந்தக் குளத்துக்கு வந்தது, எந்த மடையில் நின்றது, கடைமடைக்கு எட்டியதா என்பதற்கு ஒரு வரி தேடினால் கிடைக்காது.

இதில் சதி எதுவும் இல்லை. காரணம் பதிப்பு எல்லை. தண்ணீர் புறப்படும் இடம் நாகர்கோவில் பதிப்புக்குள். தண்ணீர் வந்து சேரவேண்டிய இடம் நெல்லைப் பதிப்புக்குள். அங்குள்ள விவசாயி "எங்களுக்கே பற்றவில்லை, ராதாபுரத்துக்கு எதற்கு" என்று சொல்வதை நாங்கள் படிப்பதில்லை. நாங்கள் மறியல் செய்தால் அவர்கள் படிப்பதில்லை. ஒரே கால்வாயின் தலையும் வாலும் இரண்டு பேப்பரில் இருக்கிறது. ஷட்டர் எந்த ஊரில் எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்பதை முழு நீளத்துக்கும் நடந்து பார்க்கிற ஒரு பேப்பர் இருந்தால், இரண்டு பக்கத்துக்காரர்களும் திட்டுவதற்காவது அதை வாங்கிப் படிப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் பெரிய குடும்பப் பத்திரிகைகள் பலவும் இந்தத் தெற்கு மண்ணோடு தொட்டவைதான். 1942-ல் மதுரையில் 'தந்தி'யை ஆரம்பித்த ஆதித்தனாருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம் காயாமொழி. டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6-ல் திருவனந்தபுரத்தில் 'தினமலர்' ஆரம்பித்ததே, திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்பதற்காக. 1956 நவம்பர் 1-ல் அது நடந்ததும் மறு வருஷம் பேப்பர் நெல்லைக்குக் குடிவந்தது. அதாவது அதன் பிறப்பே எல்லைச் செய்தியில். எங்கள் கால்வாய் ஓடுகிற அதே எல்லை. வளர்ந்தபின் எந்தப் பத்திரிகைக்கும் மாவட்டம்தான் அளவு. தாலுகாவுக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருப்பார். அவர் பெரும்பாலும் ஏஜென்டாகவும் இருப்பார், தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடித்துக் கொடுக்கவேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. யாரிடம் விளம்பரம் கேட்கப் போகிறாரோ அவரைப் பற்றித்தான் செய்தியும் எழுதவேண்டும் என்றால் யாராக இருந்தாலும் மலர் தூவுகிற படத்தோடு நின்றுகொள்வார்கள்.

இப்போது அந்த நோட்டு. சித்தப்பா ஒரு அச்சாபீஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கொடைவிழா நோட்டீஸ். ஈய எழுத்துக் கோத்து டிரெடில் மெஷினில் அடிக்கிற காலத்தில் ஆரம்பித்தவர். நோட்டின் நடுவில் நாலு பக்கம் வார இதழ் ஒன்றுக்குத் திட்டம் போட்டிருக்கிறார். பெயருக்கு மூன்று யோசனை. டெல்லியில் பத்திரிகைப் பதிவாளர் ஒரு பெயரை மறுத்தால் அடுத்தது வேண்டுமே, அதற்காக. கலெக்டர் ஆபீஸில் கொடுக்கவேண்டிய உறுதிமொழிக்குத் தேவையான காகிதங்களின் பட்டியல். பதிவு பெற்ற பத்திரிகையை 50 கிராம் வரை 25 காசில் தபாலில் அனுப்பலாம் என்று குறித்து இரண்டு கோடு போட்டிருக்கிறார். 'ஆசிரியர்' என்ற இடத்தில் சித்தியின் பெயர்! சித்தி அப்போது பத்தாம் வகுப்பு பாஸ் செய்து, ஆபீஸில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளம்பரம் என்ற தலைப்பில்தான் நோட்டு திணறுகிறது. உரக்கடை, சைக்கிள் கடை, சீட்டுக் கம்பெனி, ஒரு தியேட்டர். அதற்குக் கீழே "பிறகு?" என்று மட்டும் எழுதியிருக்கிறார். மந்தைவெளியில் ஒரே தெருவில் முப்பது கடை இருக்கும். எங்கள் தாலுகாவில் முப்பது கடைக்குப் பத்து ஊர் போகவேண்டும். பத்து ஊருக்குப் பேப்பர் கொண்டுபோய்க் கொடுக்கிற செலவில் பேப்பரே அடித்துவிடலாம். புறநகருக்குப் பொருந்துகிற கணக்கு கிராமத் தாலுகாவுக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான்.

"ஏன் சித்தப்பா ஆரம்பிக்கல?" என்று கேட்டேன்.

"ஏல, ஆரம்பிச்சிருந்தா ரெண்டாவது வாரமே எவனாவது ஒருத்தனப் பத்தி எழுதணும். அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் நாந்தானே அடிக்கணும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அதுவும் போக, எழுதுறவன் எந்த ஆளுன்னு பாத்துட்டுத்தான் நம்ம ஊர்ல செய்தியப் படிப்பான்" என்றார். ஜாதியைச் சொல்கிறார். குடும்பப் பேப்பரைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குடும்பம் என்றாலே நம்மூரில் அதற்கு ஒரு தெரு உண்டு. இன்னொரு வியாதியும் உண்டு: வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டுவதற்காகவே ஆண்டுக்கு நாலு இதழ் அடித்து, மிரட்டி வாங்கிப் பிழைக்கிற வார இதழ்கள். அந்த ஆட்களால் நல்லபடி நடத்த நினைப்பவருக்கும் கெட்ட பேர்.

உள்ளூர் விளம்பரக் காசு எங்கள் பக்கத்தில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. அது ஃப்ளெக்ஸுக்குப் போகிறது. காதணி விழா, பூப்பு நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தால் யார் செத்தார், யாருக்கு எப்போ அடக்கம், யார் மருமகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று எல்லாம் சுவரில் தெரியும். மந்தைவெளிக்குப் பேப்பர் எதுவோ, வள்ளியூருக்கும் திசையன்விளைக்கும் அது சுவர். ஒரு வித்தியாசம், சுவரில் பள்ளத்தின் படத்தை யாரும் காசு கொடுத்து ஒட்டுவதில்லை. சித்தப்பாவும் கடைசியில் டிரெடிலை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு ஃப்ளெக்ஸ் மெஷின்தான் வாங்கினார்.

கிராமத்தில் முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். 2002-ல் உத்தரப்பிரதேசம் சித்ரகூட்டில் தலித் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' என்று உள்ளூர் பேச்சுமொழியில் பத்திரிகை கொண்டுவந்தார்கள். அவர்களே எழுதி, அவர்களே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். ஆனால் அது விளம்பரத்தால் நடக்கவில்லை, தொண்டு நிறுவன ஆதரவில் நடந்தது. பின்னாளில் காகிதத்தை விட்டுவிட்டு வீடியோவுக்கு மாறிவிட்டது. சட்டமும் இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. 1867-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட அச்சகச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அந்த மூணு பேர்ல ரெண்டாவது பேரு நல்லாருந்துச்சு, இல்ல?" என்று சித்தியிடம் கேட்டார். சித்தி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இப்போதைக்குக் கால்வாய்ச் செய்தி வருவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில். கடைமடைப் பக்கத்து விவசாயி ஒருவர் தண்ணீர் விட்ட நாளிலிருந்து தினம் காலையில் மடைக்குப் போய் ஒரு படம் எடுத்துப் போடுகிறார். கீழே ஒன்றும் எழுதமாட்டார். போன சீசன் படங்களைக் கேட்டேன். போன் மாற்றினபோது போய்விட்டதாம். குரூப்பில் மற்றவர்களிடமும் இல்லை, நிறைய 'குட் மார்னிங்' வந்து இடம் அடைக்கிறதென்று எல்லோரும் அழித்துவிடுகிறார்கள். மயிலாப்பூரில் கோலப்போட்டியில் யார் ஜெயித்தது என்பது அச்சில் இருக்கிறது. எங்கள் 52 குளத்தில் போன வருஷம் எத்தனை நிரம்பியது என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

இந்த வருஷம் ஜூன் 16-லிருந்து அந்தப் படங்களை நான் இறக்கி, தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு வருகிறேன். முதல் பதினோரு நாளும் வறண்ட மடைதான். பன்னிரண்டாம் நாள் படத்தில் ஈரம் தெரிகிறது, ஆனால் அது மழையா கால்வாயா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதி வைக்கவேண்டும்.